முழுகிய பகலில் நித்திரை ஆகாது

சிவமலரின் கணவர் யோகநாதன் வாயைத் திறந்து பேச வேண்டுமென்றால் சனிக்கிழமை வர வேண்டும். மற்ற ஆறு நாளும் மனுஷன் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து ஸ்டேஷனுக்குப் போவார், வருவார், சாப்பிடுவார், படுப்பார். எதைக் கேட்டாலும் 'ம்' என்பார். மிகவும் பிடித்துப்போனால் 'ம்ம்' என்பார். இப்படியொரு ஊமைக்குச் சிவமலரைப் போன்ற வாயாடியைக் கட்டிவைத்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை.

சனிக்கிழமைக்கு மட்டும் என்ன விசேஷம்? அன்று எண்ணெய் முழுக்கு. சிவமலரின் தகப்பன் யாழ்ப்பாணத்தில் ஆயுர்வேத வைத்தியம் பார்த்த பரியாரியார். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளையின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். "பித்த உடம்பு பிள்ளை. மலாயா வெக்கைக்குக் கொதிக்கும். கவனமாப் பாத்துக்கொள்" என்று சொல்லித்தான் மகளைக் கப்பலேற்றினார்.

அவளும் பார்த்துக்கொண்டாள். விடிந்ததும் வெறும் வயிற்றில் ஊறவைத்த வெந்தயம். மத்தியானம் நீர்மோர். கறியில் செத்தல் மிளகாய்க்குத் தடை. வெள்ளரிக்காயும் நீற்றுப்பூசணியும் மாறி மாறி வரும். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தால் வியர்வை அடங்கும்வரை தண்ணீர்கூடக் கிடையாது. சனிக்கிழமை தலை நிறைய நல்லெண்ணெய் வைத்து முழுக்கு. முழுகிய பகலில் நித்திரை கொண்டால் செய்த பக்குவமெல்லாம் பாழ் என்பது தகப்பன் சொன்ன விதி.

ஆனால் முழுகிய உடம்புக்குத்தான் கண் சொக்கும். அவர் சாய்வு நாற்காலியில் கண்ணைச் செருகுவார். அவள் எதிரே குந்திக்கொண்டு தோண்டித் தோண்டிக் கேள்வி கேட்பாள். தப்ப வழியில்லாமல் மனுஷன் பேசுவார். ஸ்டேஷனில் மாடு புகுந்த கதை, சின்ன வயதில் தோணியிலிருந்து விழுந்த கதை. பிள்ளையில்லாத அந்த வீட்டில் கிழமைக்கு ஒரு பகல் இரண்டு குரல் கேட்டது.

ஜப்பான்காரன் வந்தான். மறு வருஷம் சயாமில் தண்டவாளம் போட வேண்டுமென்று ரயில்வே ஆட்களில் ஒரு கூட்டத்தை அள்ளிக்கொண்டு போனான். அதில் யோகநாதனும் ஒருவர்.

வீட்டில் ஒரு போத்தல் நல்லெண்ணெய் மிச்சமிருந்தது. கப்பல் வராமல் போனபிறகு காதர் கடையில் அந்தச் சாமானைக் கண்ணால்கூடக் காண முடியவில்லை. சிவமலர் போத்தலின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டி அரிசிப் பானைக்குள் வைத்தாள். பானையில் அரிசிதான் இல்லையே! அவர் திரும்பி வரும் முதல் சனிக்கிழமைக்கு அது. அதைத் தொடாமல் வைத்திருந்தால் அவர் வந்துவிடுவார் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பை யாரிடமும் சொன்னதில்லை.

தானோ வெந்துகொண்டிருந்தாள். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கும் செம்பனை எண்ணெயும். வாயெல்லாம் புண். கண் எரிந்தது. முடி கொத்துக் கொத்தாக வந்தது. பின்வரிசையில் ஆடு வளர்த்த பவுனம்மாளுக்கு, தண்டவாளக் கூலியின் பெண்சாதிக்கு, பொறுக்கவில்லை.

"அக்கா, அந்த எண்ணெயில ஒரு சொட்டு உச்சியில வைங்க லா. கண்ணு பாருங்க, மொளகாப்பழம் மாதிரி இருக்கு. நான் தேச்சி விடுறேன்."

"அது அவருக்கு."

"அண்ணே வரப்ப வேற வாங்கிக்கலாம்."

"எங்க வாங்கிறது?"

பவுனம்மாள் ஆட்டைப் பார்க்கப் போனாள். முதுகு தேய்க்க ஓர் ஆள் தானாக வந்தும் வேண்டாமென்றாளே, அது வைராக்கியமா வீம்பா, நீங்களே சொல்லுங்கள்.

முழுகாவிட்டாலும் சனிக்கிழமைப் பகலில் அவள் படுப்பதில்லை. வெறும் நாற்காலிக்கு எதிரே குந்திக்கொண்டு பேசுவாள். கிழங்கு கிடைக்காத கதை, ரேஷன் வரிசையில் நடந்த சண்டை. நாற்காலி 'ம்' கூடச் சொல்லாது. போகப் போகப் பேச்சு குறைந்தது. ஒரு சனிக்கிழமை பொழுதுபட்டபிறகுதான், அன்று முழுக்கத் தான் வாயே திறக்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. குண்டு விழுந்தபோதுகூட அவள் அப்படிப் பயந்ததில்லை. ரயில் பட்டறைப் பக்கம் குண்டு விழுந்த நாளில், நகைப்பெட்டியை விட்டுவிட்டுப் போத்தலை மார்போடு அணைத்துக்கொண்டு கால்வாய்க்குள் இறங்கியவள் அவள்.

ஜப்பான் சண்டை முடிந்து சில கிழமை கழித்து அவர் வந்தார். உச்சி வெயிலில் சாக்கைப் போர்த்திக்கொண்டு வந்தவரைப் பார்த்துப் பிச்சைக்காரன் என்றே பவுனம்மாள் நினைத்தாளாம். மறுநாள் அவளுடைய ஆட்டுப்பாலை உறையூற்றிச் சிவமலர் மோர் கடைந்து கொடுத்தாள். ஒரு வாய் குடித்தார். பல் கிடுகிடுவென்று அடித்தது.

"குளிருது" என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. காய்ச்சல் வரும், வியர்க்கும், விடும், மறுபடி வரும். விட்ட நேரமெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சயாமைப் பற்றி ஒரு சொல் இல்லை. பழைய 'ம்' கூட இல்லை.

சனிக்கிழமை வந்தது. காய்ச்சல் உடம்பில் எண்ணெய் வைக்கக் கூடாதென்று பரியாரியார் மகளுக்குத் தெரியாதா? அவர் வந்த அன்றே தெரியும். என்றாலும் போத்தலை எடுத்துக்கொண்டு முன்னால் போய் நின்றாள். அவர் அதைப் பார்த்துவிட்டுச் சாக்கைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

கொதிக்கும் என்று பார்த்துப் பார்த்துக் காத்த உடம்பு இப்போது குளிரில் நடுங்கியது. அவள் கற்றது ஒன்றும் அதற்கு உதவவில்லை. போத்தலோடு பின்படியில் போய் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அவர் எழுந்து வந்ததை அவள் கவனிக்கவில்லை. வகிடு அகன்று தோல் தெரிந்த அவள் தலையைப் பார்த்தபடி பின்னால் நின்றார்.

"எப்ப முழுகினனீர்?"

"நீங்கள் போக முந்தி."

"திரும்பி இரும்."

போத்தலின் துணியை அவிழ்த்து எண்ணெயை உச்சியில் ஊற்றினார். பாதி நெற்றியால் வழிந்து கண்ணுக்குள் போனது. "கண்ணுக்குள்ள விடாதேங்கோ" என்றாள். அவர் பாட்டுக்குத் தேய்த்தார். புருஷன் பெண்சாதிக்கு எண்ணெய் வைப்பதை அந்தக் குவார்ட்டர்ஸ் வரிசையே கண்டதில்லை. துணி காயப்போட வந்த பவுனம்மாள் சத்தமில்லாமல் திரும்பிப் போனாள்.

முழுகிவிட்டு வந்து சிவமலர் அவருடைய நாற்காலியில் சாய்ந்தாள். உடம்பு குளிர்ந்திருந்தது. இத்தனை வருஷத்து நித்திரையும் ஒன்றாக வந்தது.

"நித்திரை கொள்ளாதையும்" என்றார்.

அவள் கண்ணைத் திறக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவர் சாக்கோடு வந்து எதிரே குந்தினார். கேள்வி கேட்டுப் பழகாத மனுஷன், பாவம். அவள் தலை சரிந்தது. அவசரமாகத் தொண்டையைச் செருமினார்.

"அங்க எங்கட கொட்டிலில சிவகுருநாதன் எண்டு ஒருத்தன் இருந்தவன். சனிக்கிழமை எண்டால் வெறுங்கையால தலையைத் தேய்ப்பான். எண்ணெய் வைக்கிறன் எண்டு சொல்லுவான். நாங்கள் சிரிப்பம். கடைசியில நானும் தேய்ச்சனான்."

சிவமலர் கண்ணைத் திறந்தாள்.

"பிறகு?" என்றாள்.

பொழுதுபடும்வரை சொன்னார்.