மணி துள்ளினாள், நாங்கள் சாவியோடு ஓடினோம்

செஞ்சியில் எங்கள் பக்கத்து வீட்டைக் காலி செய்தவர்கள், தாங்கள் வளர்த்த, முயல்குட்டி அளவே இருக்கும் கினி பன்றியைக் கூண்டோடு விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மனசு கேட்காமல் எடுத்து வந்து மணி என்று பெயர் வைத்தேன். அருகம்புல், வெள்ளரிக்காய் என்று எதை வைத்தாலும் மணி மூலையிலேயே முடங்கிக் கிடந்தாள்.

கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். "இது கூட்டமா வாழுற பிராணிம்மா. தனியா இருந்தா ஏங்கிப் போயிடும். இன்னொரு பொட்டையா பார்த்து சேர்த்து வுடுங்க" என்றார்.

திண்டிவனத்தில் ஒருவர் வளர்க்க முடியாமல் கொடுத்த ராணி என்ற பெண் கினி பன்றியைக் கொண்டுவந்தோம். இரண்டும் மோந்து பார்த்துக்கொண்டன. திடீரென்று மணி எகிறி, அந்தரத்திலேயே உடம்பை முறுக்கி விழுந்தாள். மறுபடியும் எகிறினாள்.

"ஏங்க, மணிக்கு வலிப்பு வந்துடுச்சி! சாவிக்கொத்த எடுத்துட்டு வாங்க!" என்று அலறினேன். என் கணவர் இரும்புச் சாவியை அவள் காலில் அழுத்தப் போனார். அவள் சாவியையும் தாண்டிக் குதித்தாள். சாவியும் கையுமாக, கூண்டோடு மருத்துவரிடம் ஓடினோம்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "வலிப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. துணை கெடைச்ச சந்தோசத்துல ஆடுது. சாவிய பீரோவுல வைங்க."

இப்போதெல்லாம் யாராவது கினி பன்றி ஒன்றே ஒன்று வளர்க்கப் போகிறேன் என்றால் சண்டைக்கே போய்விடுகிறேன். மணி துள்ளினால் சாவியைத் தேடுவதில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து பார்க்கிறேன்.