இயந்திரத்துக்கு இட்ட பொட்டு

குற்றாலத்துக்குப் போகும் வழியில், மலை மூலிகைகளிலிருந்து மருந்துச் சரக்கு பிரித்தெடுக்கும் ஒரு சின்ன ஆய்வுக்கூடம் இருந்தது. நான் அங்கே ரசாயன உதவியாளர். மூக்கம்மாள் சோதனைக்குழாய் மாற்றுகிறவள். உயரமான கண்ணாடிக் குழலுக்கு அடியில் சாறு சொட்டுச் சொட்டாக இறங்கும். சொட்டுகளை எண்ணி, குழாயை நகர்த்தி, அடுத்ததை வைக்க வேண்டும். தவறினால் பிரிந்து வந்த சரக்கு மறுபடி கலந்துவிடும். நாள் முழுக்க அதுதான் அவள் வேலை. அலுத்துக்கொண்டும் செய்வாள், அவளை உத்தமியாக்க எனக்கு ஆசையில்லை.

அறுபத்திரண்டில் சீமையிலிருந்து ஓர் இயந்திரம் வந்தது. அதன் கண்ணாடிக் கண் விழுகிற சொட்டுகளைத் தானே எண்ணும். குழாய்கள் செருகிய தட்டைத் தானே சுற்றும். மூக்கம்மாளின் வேலை போயிற்று; கூட்டிப் பெருக்க மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

"தீபாவளிக்குள்ள சுத்தமான சரக்க மெட்ராஸ் கம்பெனிக்கு அனுப்பிட்டா நம்ம கூடம் நிலைக்கும். உனக்கும் பாட்டில் கழுவுத வேலை உண்டு" என்றார் நிர்வாகி காந்திமதிநாதன்.

அவளுக்குப் புருஷன் இல்லை. மகன் உச்சிமாகாளிக்கு அப்போது வேலை இல்லை. அதனால் அந்த இயந்திரம் ஒழுங்காக ஓட வேண்டுமே என்று எங்கள் எல்லோரையும்விட அவள்தான் தவித்தாள்.

ஆயுத பூஜை வந்தது. தராசு, அடுப்பு, சீசா, கதவு என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை மட்டும் தொடவில்லை. பொரிகடலையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். மூக்கம்மாள் கூட்டிப் பெருக்கிவிட்டுக் கடைசியாகக் கிளம்பினாள்.

மறுநாள் வந்து பார்த்தால் தட்டு சுற்றவே இல்லை. ஒரே குழாயில் எல்லாம் விழுந்து வழிந்து, பல மாத உழைப்பு தரையில் காய்ந்து கிடந்தது. இயந்திரத்தின் கண்ணாடிக் கண் மேல் வட்டமாக ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்.

"உன் பொழப்பக் கெடுத்துட்டுன்னுதான இப்படிச் செஞ்ச?" என்று கத்தினார் நிர்வாகி.

"இல்லய்யா. அதுக்கு மட்டும் பொட்டில்லாம விட மனசு கேக்கல. நல்லா ஓடணும்னுதான் வச்சேன்."

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. கெடுக்க நினைக்கிறவள் பொட்டு வைத்தா கெடுப்பாள்? அதைக் கேட்டும் பார்த்தேன். "உமக்கு இவளுகளப் பத்தித் தெரியாதுவே" என்று என் வாயை அடைத்துவிட்டு, அன்றைக்கே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார். அடுத்த வருஷம் கூடத்தையே மூடினார்கள். பழி முழுக்க அவள் தலையில் விழுந்தது.

உச்சிமாகாளி பிறகு தென்காசியில் லாரி செட்டில் சேர்ந்து, தொழிற்சங்கத்தில் பேச்சாளனாகப் பெயரெடுத்தான். "வேலயப் பறிக்க வந்த மெஷினயே நிறுத்துனவ எங்கம்மா!" என்று கூட்டத்துக்குக் கூட்டம் முழங்குவான். கைதட்டல் அள்ளும்.

ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். என் எதிரிலும் அதையே பெருமையாகச் சொன்னான்.

"ஏலே, சாமி சத்தியமா நான் நிறுத்தலலே. அது ஓடணும்னு கும்பிட்டுல்லா வச்சேன்" என்றாள் மூக்கம்மாள்.

"அம்மா சொல்லுதது நெசம்ப்பா" என்றேன் நானும்.

அவன் சிரித்தான். "இனிமே யாருக்கும்மா பயப்படுத? எங்கிட்டயாவது உண்மயச் சொல்லேன்."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரிலே, நான்தான் நிறுத்துனேன். போதுமா?" என்றாள்.

அவன் சந்தோஷத்தில் என் தோளைத் தட்டினான். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.