கூட்டி வைத்த காற்று

நீ பார்த்தாய். லேப்டாப் திரையில் அந்தச் சிவப்புக் கோடுகள் எழும்பியதைப் பார்த்துவிட்டு என்னிடம் பொய் சொன்னாய்.

அது மார்கழி மாதம், விடிந்தும் விடியாத நேரம். என் வண்டி செகண்ட் ஹேண்டில் வாங்கியதுதான். ஆனாலும் டர்போ வைத்த பெட்ரோல் கார், வேகத்துக்குப் பேர் போனது. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் கார் வைத்திருந்ததில்லை. செவிலிமேட்டில் வீடு, ஸ்ரீபெரும்புதூரில் வேலை. போய்வர அந்த வண்டி இருந்தபடியே போதும். போதும் என்று இருக்க எனக்குத் தெரியவில்லை. அது என் தப்பு, மறைக்கவில்லை.

டர்போ பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. இன்ஜின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தில் ஒரு சின்னக் காற்றாடி சுற்றுகிறது, அது இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிறது. அந்த அழுத்தம்தான் பூஸ்ட். எவ்வளவு திணிக்கலாம் என்று வண்டியைச் செய்தவன் ஒரு எல்லை வைத்திருக்கிறான். டியூனிங் செய்கிறேன் என்று வந்த நீ, லேப்டாப்பைச் செருகி, ‘மேப்’ என்று நீ சொல்லும் புதுக் கணக்கை ஏற்றி, அந்த எல்லையைத் தூக்கினாய்.

“கம்பெனிக்காரன் பயந்துக்கினு கம்மியா வெச்சிருப்பாண்ணா. உள்ள பவரு தூங்கிக்கினு இருக்குது. நான் எழுப்பி வுடறேன், அவ்ளோதான்.”

பைபாஸில் நான் ஓட்டினேன், நீ மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாய். மூன்றாவது கியரில் முழுக்க அழுத்தச் சொன்னாய். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. திரையின் ஒரு மூலையில் சிவப்புக் கோடுகள் குத்திட்டு எழுந்தன.

“இன்னாபா அது, செவப்பா?”

“ஒண்ணுமில்லண்ணா. ரோடு மோசம். அந்த அதிர்வ சென்சார் புடிக்குது.”

திரையை உன் பக்கம் திருப்பிக்கொண்டாய். அந்த ரோட்டுக்குத் தார் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

வண்டி பறந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். முன்பு ஒரு லாரியைத் தாண்ட எவ்வளவு தூரம் வேண்டுமோ அதில் பாதி போதும். நீ கண்ணாடியோரம் ஒட்டிக் கொடுத்த பூஸ்ட் மீட்டரில் முள் எழும்புவதைப் பார்ப்பதற்காகவே தேவையில்லாமல் அழுத்தினேன். வேலைக்குப் போகும் வழியில் எனக்கு முன்னால் வண்டி போனால் எரிச்சலாக வந்தது. அந்த ஐந்து மாதமும் நான் நல்ல மனிதனாக இருக்கவில்லை.

எங்கள் வழியில் ஒரு முனீஸ்வரர் கோயில் இருக்கிறது. வண்டி வைத்திருப்பவர்கள் வீடு திரும்பும்போது அங்கே நிறுத்தி, இன்ஜினை அணைத்து, திருநீறு பூசிக்கொண்டுதான் போவார்கள். சாமி முன்னால் வண்டி உறுமக்கூடாது என்பது இங்கே வழக்கம். முதல் நாளே இதை உன்னிடம் சொன்னேன். சூடான டர்போவைச் சட்டென்று அணைத்தால் உள்ளே எண்ணெய் கருகிவிடும், இரண்டு நிமிஷம் சும்மா ஓடவிட்டு அணையுங்கள் என்றாய். அதிலிருந்து கோயிலுக்கு ஐம்பதடி முன்னால் புளியமரத்தடியில் நிறுத்தி, இரண்டு நிமிஷம் ஓடவிட்டு, பிறகே வாசலுக்குப் போய் அணைப்பேன். ஒரு நாளும் தவறியதில்லை.

“சாமி உள்ள காத்துக்கினு கீறாரு. இவரு இங்க வண்டிக்கு மூச்சு வாங்க வுட்டுக்கினு கீறாரு,” என்று என் மனைவி கிண்டல் செய்வாள்.

மாசியில் ஒரு மதியம் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டேன். தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கியது போல, அழுத்தும்போது மட்டும். உனக்குப் போன் செய்தேன். “டியூன் பண்ண வண்டி அப்டிதாண்ணா பேசும்,” என்றாய். நான் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினேன்.

கத்திரி வெயிலில் மச்சினிச்சி கல்யாணத்துக்குச் சேலை எடுக்க நானும் மனைவியும் பெரிய காஞ்சிபுரம் போனோம். முகூர்த்த மாதம். வெளியூர்க் கார்கள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. ஏசியைப் போட்டபடி ஒரு மணி நேரம் ஊர்ந்தோம். டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிரவைத்து அனுப்பும் கூலர் அன்று எப்படிக் கொதித்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. நீ வண்டியைச் சரிபார்த்ததோ மார்கழிப் பனியில். வெயில் வந்தால் என்ன ஆகும் என்று நீ யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

சேலையை மாமியார் வீட்டில் கொடுக்க ஊரைத் தாண்டிப் போனோம். இருவழிச் சாலை. முன்னால் ஒரு டிப்பர் லாரி. எதிரே வந்த பஸ் தூரத்தில்தான் இருந்தது. அழுத்தினேன். முள் எழும்பியது. புளியங்கொட்டைச் சத்தம் வந்தது, பிறகு சுத்தியலால் அடித்த மாதிரி ஒரே ஒரு சத்தம். மிதித்த கால் மிதித்தபடியே இருக்கிறது, வண்டி போகவில்லை. லாரியின் நடுச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நாங்கள், நேர் எதிரே பஸ்.

“ஏங்க,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பிரேக்கை மிதித்து லாரிக்குப் பின்னால் எப்படி நுழைந்தேன் என்று தெரியாது. பஸ் ஹாரனை அடித்துக்கொண்டே உரசுகிற மாதிரி போனது. பின்னால் நீலப் புகை. சேலைப் பையை இறுக்கிப் பிடித்திருந்த அவள் விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன்.

இன்ஜினைப் பிரித்தவன் என்னோடு பள்ளியில் படித்தவன், செவிலிமேட்டில் ஷெட் வைத்திருக்கிறான். முதலில் டர்போவின் தண்டை விரலால் ஆட்டினான்.

“இது கல்லாட்டம் கீதுடா. எண்ணெயும் கருவல. உன் முனீஸ்வரன் நல்லாதான் பாத்துக்கினான்.” பிறகு பிஸ்டனை வெளியே எடுத்தான். ரிங் உட்காரும் விளிம்பு உடைந்து பல் போயிருந்தது. “நாக்கிங். நேரம் தப்பி உள்ளயே வெடிச்சிருக்குது. இது ஒரு நாள் கதை இல்லடா, மொதல்லேந்தே அடிச்சிக்கினு இருந்திருக்குது. மேப்ப போட்டவன் பாக்கலயா?”

நீ பார்த்தாய். அதனால்தான் திரையைத் திருப்பினாய்.

அதன் பிறகு நீ செய்ததை நான் மன்னிக்க மாட்டேன். கார்க்காரர்கள் முந்நூறு பேர் இருக்கும் உன் வாட்ஸப் குழுவில் எழுதினாய்: “அண்ணன் கோயில் வாசல்ல சூடா ஆஃப் பண்ணுவாரு. டர்போ போயிடுச்சு. சாமி குத்தம்.” முந்நூறு பேரும் சிரித்தார்கள். நான் பிஸ்டன் படத்தைப் போட்டேன், அழித்தாய். மறுபடி போட்டேன். இனி அட்மின் மட்டும்தான் எழுத முடியும் என்று மாற்றிவிட்டாய்.

நேற்று அதே குழுவில் ஒரு படம் போட்டிருக்கிறாய். அடுத்த வண்டி, வரும் ஞாயிற்றுக்கிழமை. “காஞ்சிபுரத்துல போட்ட அதே மேப். ஃபுல் சேஃப்.” என் வண்டியில் போட்டதுதான் அது. வண்டியின் பின்கண்ணாடி வழியாக உள்ளே ஒரு குழந்தை சீட் தெரிகிறது.

அந்த வண்டிக்காரர் யாரென்று எனக்குத் தெரியாது, அவர் நம்பரும் என்னிடம் இல்லை. அதனால்தான் இதை இந்தப் பத்திரிகையில் அச்சில் எழுதுகிறேன். மார்கழியில் என் வண்டி ஓடும்போது லேப்டாப்பில் நீ எடுத்த பதிவு, அந்த லாக், உன்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அதை முழுசாகக் குழுவில் போடு. அந்தச் சிவப்புக் கோடுகள் ரோடா, நாக்கிங்கா? அந்த முந்நூறு பேர் முன்னாலும், அந்தக் குழந்தையின் அப்பா முன்னாலும் பதில் சொல்.