பதினான்காம் பிரிவில் சிக்கிய அமைச்சர்

பெல்கிரேடில் சட்டப் பேராசிரியராக இருந்த வெலிசார் மர்யனோவிச், முப்பத்தொரு வருடம் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பாடம் நடத்தினார்: ஒருவன் நிலத்தின் வழியாக இன்னொருவன் நடந்து போகும் உரிமை.

காரணம் இல்லாமல் இல்லை. அவர் அப்பாவுக்கும் பக்கத்துப் பிளம் தோட்டக்காரனுக்கும் நடுவே ஒரு முழ அகலத்தில் ஒரு பாதை இருந்தது. அதற்காகப் பதினெட்டு வருடம் வழக்கு நடந்தது. அதை ஜெயிக்கத்தான் பையனைச் சட்டம் படிக்க அனுப்பினார்கள். பையன் படித்து வந்து, வாதாடி, தோற்றான். நீதிபதி சொன்னது தவறு என்று நிரூபிக்க ஒரு புத்தகம் எழுதினான். அது நான்கு தொகுதிகள் ஆயிற்று. முதல் தொகுதி மனிதன் நடப்பதைப் பற்றி, இரண்டாவது மாடு நடப்பதைப் பற்றி, மூன்றாவது வண்டி போவதைப் பற்றி. நான்காவது, முதல் மூன்றையும் விமர்சித்தவர்களைத் திட்டுவதற்காக. படித்து முடித்தவர்கள் என்று யாரும் இல்லாததால் அறிஞர் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அவருடைய ஐம்பத்தெட்டாவது வயதில் நாட்டில் கூட்டணி ஆட்சி அமைந்தது. இரண்டு கட்சிகள். இவர்கள் சொன்ன ஆளை அவர்களுக்குப் பிடிக்காது, அவர்கள் சொன்ன ஆளை இவர்களுக்கு ஆகாது. நீதி அமைச்சர் நாற்காலி ஏழு வாரம் காலியாகக் கிடந்தது. கடைசியில் இரு தரப்புக்கும் யாரென்றே தெரியாத ஒருவரைத் தேடினார்கள். பேராசிரியருக்குத் தொலைபேசி வந்தது.

“நீங்க எந்தக் கட்சி?”

“எந்தக் கட்சியும் இல்லை.”

“உங்க மேல யாருக்காவது கோபம் உண்டா?”

“என் நாலாவது தொகுதியில ஏழு பேரைத் திட்டியிருக்கேன்.”

“அவங்க இப்ப எங்கே?”

“ஆறு பேர் இறந்துட்டாங்க.”

“அது போதும். காலையில வந்து பதவி ஏத்துக்கோங்க.”

மருந்துக்கடை நடத்தும் அவர் மனைவி தேசங்கா இதைக் கேட்டு அரை மணி நேரம் சிரித்தாள். “குளியலறை பல்பு மாத்த நீ மூணு மாசம் யோசிச்ச. நீ அமைச்சரா!”

ஆனால் வெலிசாருக்கு ஆசை இருந்தது. பாதை உரிமைச் சட்டத்தை அவரே எழுதி நாடாளுமன்றத்தில் வைப்பது. அப்பா தோற்ற வழக்கில் நாடே ஜெயிக்க வேண்டும். வரைவு தயாராகி, ஜனவரியில் விவாதத்துக்கு வருவதாக இருந்தது.

அதற்கு முன்னால், அமைச்சர் வேலைக்காக ஊழல் தடுப்புச் சட்டம் ஒன்றையும் எழுதிக் கொடுத்தார். அதன் பதினான்காம் பிரிவு: எழுத்தில் அழைக்கப்படாத எவரையும், கையில் ஏதேனும் பொருளோடு வருபவரையும், பதவியில் இருப்பவர் தம் வீட்டுக்குள் விடக் கூடாது. விட்டால் பதவி போகும், ஐந்து வருடத்துக்கு வேறு பதவியும் கிடையாது. ஆகஸ்டு மாத வெயிலில் அவை ஒரே மனதாகக் கையைத் தூக்கியது. யாரும் படிக்கவில்லை. டிசம்பர் முதல் தேதி அமலுக்கு வந்தது.

படித்தவள் தேசங்கா ஒருத்திதான். மருந்துப் பெட்டியின் பொடி எழுத்தை வாசித்தே கண்ணாடி போட்டவள். அந்த நாட்டில் குடும்பத்துக்கு ஒரு புனிதர், வருடத்துக்கு ஒரு திருநாள். டிசம்பர் பதினாறாம் தேதி, திருநாளுக்கு வேகவைக்கும் கோதுமையை ஊறப்போட்டுவிட்டு வந்து கேட்டாள்:

“வெல்யா, வியாழக்கிழமை நிக்கோலா நாள், நம்ம வீட்டுப் புனிதர் திருநாள். யாரை அழைக்கப் போறோம்?”

“கேக்குற கேள்வியைப் பாரு. திருநாளுக்கு யாராவது ஆளை அழைப்பாங்களா? வர்றவங்க வருவாங்க.”

“கையை வீசிட்டா வருவாங்க?”

அமைச்சருக்குத் தம் பதினான்காம் பிரிவு நினைவுக்கு வந்தது.

முதலில் சட்டப்படி ஒரு வழி பார்த்தார். அழைப்புக் கடிதங்கள் அனுப்பினார். ஒரு மணி நேரத்தில் பக்கத்து வீட்டு புதிமிர் கடிதத்தோடு வந்து நின்றார். ஓய்வு பெற்ற டிராம் ஓட்டுநர்.

“புரொபசரே, இருபத்தாறு வருஷமா உங்க வீட்டுக் கெண்டை மீனைச் சாப்பிடுறேன். இப்ப என்ன திடீர்னு அரசாங்க முத்திரை? புனிதர் கூப்பிட்டா வருவேன். நீதித்துறை கூப்பிட்டா வக்கீலோடதான் வருவேன்.”

“சரி, கடிதத்தை விடுங்க. கையில ஒண்ணும் கொண்டு வராதீங்க, அது போதும்.”

“வெறுங்கையோடவா? எங்கம்மா கல்லறையில இருந்து எழுந்து வந்து கன்னத்துல அறைவா.”

புதிமிர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். தேசங்கா வால்நட் உடைத்தபடியே சொன்னாள்: “உங்கப்பா போர்க்காலத்துல ரெண்டு உருளைக்கிழங்கை வச்சு மெழுகுவத்தி ஏத்தினாரு, கதவைச் சாத்தலை. நூத்து முப்பது வருஷத்துல கதவைச் சாத்தின மர்யனோவிச் நீதான்னு ஆகணுமா? கதவா, நாற்காலியா? நீயே சொல்லு.”

இரண்டு நாள் அவர் தூங்கவில்லை. வியாழக்கிழமை காலை ராஜினாமாவை எழுதிக்கொண்டு பிரதமர் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தார். காவலாளி எடுத்தான்.

“பிரதமர் இருக்காரா?”

“அவங்க வீட்லயும் இன்னைக்கு நிக்கோலா நாள்தான் சார்.”

“செயலாளர்?”

“அவருக்கும் அதே புனிதர். துணைச் செயலாளர் அவரு வீட்டுக்கு விருந்துக்குப் போயிருக்காரு. நானே பன்னெண்டு மணிக்குக் கிளம்பிடுவேன்.”

“என் ராஜினாமாவை வாங்கிக்க நாட்டுல ஆள் இல்லையா?”

“நான் வாங்கிக்கலாம் சார். ஆனா முத்திரை பீரோவுக்குள்ள இருக்கு.”

ஆக, நூற்று எழுபதாவது நாளாகவும் அவர் அமைச்சராகவே நீடித்தார். மெழுகுவத்தி எரிந்தது. ரொட்டியை வெட்டி ஒயின் தெளித்தாயிற்று. பதினொரு மணிக்கு வாசல் மணி அடித்தது. புதிமிர், குழந்தையைத் தூக்கிவருவதுபோல் கக்கத்தில் ஒரு பிளம் சாராயப் புட்டியுடன் நின்றார்.

“கோபமெல்லாம் உங்க மேலதான், புனிதர் மேல இல்லை,” என்றார்.

வெலிசார் வாசலை அடைத்து நின்றார். ஜனவரி மாத விவாதத்தை ஒருமுறை நினைத்தார். அப்பாவின் பாதையை நினைத்தார். பிறகு ஒதுங்கி வழிவிட்டார்.

“வாங்க புதிமிர். உங்களுக்குத் திருநாள் வாழ்த்து. முதல்ல கோதுமை எடுத்துக்கோங்க. அப்புறம் இந்தத் தாள்ல பெயரும், கொண்டு வந்த பொருளும் எழுதுங்க.”

“இது எதுக்கு?”

“என் மேல நான் புகார் குடுக்கப் போறேன்.”

மாலைக்குள் நூற்று நாற்பத்து மூன்று பெயர்கள் சேர்ந்தன. எண்பத்தெட்டாவது பெயர், அந்தச் சட்டத்தை நிறைவேற்றும் ஆணையத்தின் தலைவருடையது. சாக்லேட் பெட்டியோடு வந்திருந்தார். அவருடைய புனிதர் ஜனவரியில் வருவார். அதற்குள் சட்டத்தைத் திருத்தச் சொல்லிக் கேட்கத்தான் வந்தார்.

“என் பேரை எழுதாதீங்க, புரொபசர்.”

“எழுதியாச்சு. கருப்புச் சாக்லேட்டா, பால் சாக்லேட்டா?”

மூன்று நாளில் தீர்ப்பு வந்தது. பதவி போயிற்று, பாதை உரிமை வரைவு இழுப்பறைக்குப் போயிற்று. அந்தச் சட்டத்தில் இதுவரை தண்டனை பெற்றவர் அதை எழுதியவர் ஒருவரே. ஜனவரி பிறப்பதற்குள் ‘குடும்பப் புனிதர் நாள் நீங்கலாக’ என்று திருத்தம் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு பல அமைச்சர்களின் வீட்டில் வருடத்துக்கு ஐந்தாறு புனிதர்கள் இருப்பது தெரியவந்தது.

தீர்ப்பு வந்த அன்று வெலிசார் டிராமில் வீடு திரும்பினார். தேசங்கா மீதமிருந்த மீனைச் சூடாக்கி வைத்தாள்.

“வருத்தமா வெல்யா?”

“இருக்கு.” முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். “ஆனா தேசா, மூணு நாளா ஆறு வக்கீல் அந்தப் பிரிவைக் குடைஞ்சாங்க. என்னைக் காப்பாத்த ஒரு ஓட்டை கிடைக்கலை. என்ன மாதிரி எழுதியிருக்கேன் பாத்தியா!”