ஜெயசீலனின் மூன்றாவது கூப்பாடு

ஜெயசீலன் கோர்ட்டு வாசலில் நின்று ஒரு பெயரைக் கூப்பிட்டால், பாடாலூர் நெடுஞ்சாலையில் இளநீர் குடித்துக்கொண்டிருப்பவர்கூட "இதோ வந்துட்டேனுங்க" என்று எழுந்துவிடுவார். சரி, பாடாலூர் கொஞ்சம் அதிகம்தான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள டீக்கடை வரைக்கும் கேட்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே என்னால் இறங்க முடியாது.

மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்தே அவர் எங்கள் ஊர் கோர்ட்டில் டவாலி. வெள்ளை உடுப்பு, தோளுக்குக் குறுக்கே சிவப்புப் பட்டை, அதில் பித்தளை வில்லை. வழக்கு எடுத்ததும் வெளியே வந்து கட்சிக்காரர் பெயரை மூன்று முறை கூப்பிடுவது அவர் வேலை. மூன்றாவதற்கும் ஆள் வராவிட்டால் வழக்கு தள்ளுபடி. எங்கள் ஜனங்கள் இந்தச் சட்டத்தை நன்றாகவே புரிந்துவைத்திருந்தார்கள். முதல் கூப்பாட்டுக்கு டீயைக் குடித்து முடிப்பார்கள், இரண்டாவதற்குச் செருப்பைத் தேடுவார்கள், மூன்றாவதற்குத்தான் நடப்பார்கள். அவர் மனைவி ஆனி ரோஸும் விதிவிலக்கல்ல.

"வூட்லயும் மூணு தடவதான் கூப்புடுவாரு டீச்சர். நானும் மூணாவதுக்குத்தான் போவேன். சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

ஜெயசீலன் பிறந்தது வரதராஜன்பேட்டையில். சின்ன வயதில் கோயில் பாடகர் குழுவில் சேர்த்துவிட்டார்கள். இவர் வாயைத் திறந்ததும் மற்றவர்கள் பாடுகிறார்களா இல்லையா என்றே தெரியாமல் போனதால், பங்குச்சாமியார் இவரை மணியடிக்க அனுப்பினார். அங்கேயும் இவர் பாடிக்கொண்டே அடித்ததில் மணிச் சத்தம் கேட்கவில்லை என்று புகார் வந்ததாம். தன் குரல்மேல் அவருக்கே ஒரு மயக்கம். ஐப்பசி, கார்த்திகை வந்தால் கழுத்தில் மப்ளர் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது.

அந்தக் குரலுக்கு ஏற்ற கட்டடமும் அமைந்திருந்தது. பழைய கோர்ட்டை ஒரு வெள்ளைக்காரத் துரை தன் குதிரைகளுக்காகக் கட்டினார் என்று ஒரு கட்சி. இல்லை, அது உப்புக் கிடங்கு என்று எதிர்க்கட்சி. அந்த வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது. சுண்ணாம்புச் சுவர், தேக்கு உத்தரங்கள் தாங்கும் உயரமான மச்சு, மூன்று பக்கமும் வளைவு வைத்த வராந்தா. நடு வளைவின் கீழே ரகசியம் பேசினாலும் முழங்கும். அதனாலேயே எந்த வக்கீலும் கட்சிக்காரரோடு அங்கே நிற்க மாட்டார். அந்த இடத்துத் தரைக்கல்லில் பெரிய நத்தைச் சுருள் ஒன்று பதிந்திருக்கும். ஒரு காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் கடல், இது அந்தக் கடலின் பிராணி என்று படித்தவர்கள் சொல்வார்கள். நான் கேள்விப்பட்டது வேறு. அது வாய்தாவுக்கு வந்த நத்தை. தீர்ப்பு வருவதற்குள் கல்லாகிவிட்டது.

போன வருஷம் முற்றத்துக்கு எதிர்ப்பக்கம் புதுக் கட்டடம் எழும்பியது. முகப்பில் யானைக்கால் மாதிரித் தூண்கள். அவை எதையும் தாங்கவில்லை. கண்ணாடி ஜன்னல்கள், அவை திறக்காது. சக்கர நாற்காலிக்கென்று ஒரு சாய்தளம், நேராகப் போய்ச் சுவரில் முட்டும். லிஃப்டும் உண்டு. கட்சிக்காரர்கள் உட்கார மட்டும் இடமில்லை. கோர்ட்டுக்கு ஆட்கள் வருவார்கள் என்று யாரும் தங்களிடம் சொல்லவில்லை என்றாராம் மேஸ்திரி. ஆகவே ஜனங்கள் பூட்டிக் கிடந்த பழைய கட்டடத்தின் வராந்தாவிலும் டீக்கடையிலும்தான் இருந்தார்கள்.

ஜெயசீலன் கையில் ஒரு மைக்கைக் கொடுத்து, வளாகத்துக்குள் இனி யாரும் கத்தக் கூடாது என்று சுவரில் உத்தரவும் ஒட்டினார்கள்.

புதுக் கட்டடத்தின் முதல் நாள், ஒரு வாரிசு வழக்கில் சாட்சி சொல்ல நானும் போயிருந்தேன். எனக்கு முன்னால் அரங்கநாதன் வழக்கு. எறையூர்ப் பக்கத்துக் கரும்பு விவசாயி. வயலுக்கு வண்டி போகும் பாதையைத் தம்பி குருமூர்த்தி முள்வேலி போட்டு அடைத்துவிட்டார். பாதை இல்லையென்றால் வெட்டிய கரும்பு வயலிலேயே காய வேண்டியதுதான். அன்றைக்கு அண்ணன் சாட்சி சொல்லியாக வேண்டும், இனி வாய்தா கிடையாது என்று நீதிபதி அம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தார். அண்ணனும் தம்பியும் எப்போதும்போல ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அரங்கநாதன்" என்றார் ஜெயசீலன் மைக்கில். குரல் ஃபால்ஸ் சீலிங்குக்குள் போய் ஒளிந்துகொண்டது. இரண்டாம் முறை கூப்பிட்டார். மைக் மட்டும் கீச்சிட்டது.

"அவரு வக்கீல் எங்கப்பா?" என்றார் நீதிபதி அம்மா.

"லிஃப்டுல இருக்காரும்மா."

"வரச் சொல்லு."

"லிஃப்டு வரலம்மா."

நீதிபதி அம்மா பேனாவைத் திறந்தார். ஜெயசீலன் மைக்கை மேசைமேல் வைத்தார்.

"அம்மா, மூணாவது பாக்கி இருக்கு."

சிவப்புப் பட்டையைச் சரிசெய்துகொண்டு வெளியே நடந்தார். ஒட்டியிருந்த உத்தரவைத் தாண்டினார், முற்றத்தைத் தாண்டினார், நடு வளைவின் கீழே நத்தைக் கல்லின்மேல் ஏறி நின்றார். கூப்பிட்டார் பாருங்கள்! வேப்பமரத்துக் காக்கைகள் பெரம்பலூருக்கே குடிபோய்விட்டன. ரோட்டில் சிமெண்டு லாரிகள் தாமாகவே பிரேக் போட்டன. டீக்கடையிலிருந்து அரங்கநாதன் செருப்பில்லாமல் ஓடிவந்தார்.

சாட்சி பதிவாயிற்று. தீர்ப்பு அவர் பக்கம் வந்தது, பாதை திறந்தது, கரும்பு ஆலைக்குப் போயிற்று. தம்பி அப்பீல் போட்டிருக்கிறார். உத்தரவை மீறிக் கத்தியதற்காக ஜெயசீலனுக்கு மெமோ வந்தது. ஆனி ரோஸ் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்.

ஜெயசீலனின் பணி ஓய்வு விருந்தில், இதுவரை எழுதியதை எல்லோர் முன்னாலும் வாசித்தேன். கைதட்டல் அடங்கும் முன்பே, பாதிச் சாப்பாட்டில் இலையிலிருந்து கையை எடுத்துக் குருமூர்த்தி குறுக்கிட்டார்.

"டீச்சரம்மா, தப்பா எழுதியிருக்கீங்க. லாரி ஒண்ணும் நிக்கல. அந்த எரைச்சல்ல டீக்கடையில ஒரு சத்தமும் கேக்கல. அண்ணன் பாட்டுக்குப் போண்டா தின்னுக்கிட்டு இருந்தாரு. பழைய வராந்தாவுல இவரு வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறத நான்தான் பாத்தேன். நம்ம கேசுதான்னு அண்ணனப் புடிச்சுத் தள்ளிவுட்டேன்."

ஜெயசீலன் வாழ்க்கையில் முதல் தடவையாக மெல்லப் பேசினார். "அவரு வரலேன்னா நீங்கதானே செயிச்சிருப்பீங்க?"

"செயிச்சி? கேசு முடிஞ்சிட்டா அப்பறம் நான் யாருகூட டவுனுக்கு வர்றது?" என்றார் குருமூர்த்தி.