புத்து மண்ணு துன்ன சாலம்மா

சாலம்மாவுக்கு மண்ணு துன்ற பழக்கம் இருந்துச்சி. இத மூடி மறைச்சி சொல்றதுல இன்னா இருக்குது. குடிக்கறவன் குடிக்கறான், பீடி புடிக்கறவன் புடிக்கறான், அவ மண்ணு துன்னா.

எந்த மண்ணு கெடச்சாலும் வாயில போட்டுக்கற ஆளும் இல்ல. ஏரி மண்ணு வழவழன்னு இருக்கும், வேணாம். செங்கத்தூளு பரவால்ல. பச்சரிசி, பல்பம், செவுத்துல உதுர்ற சுண்ணாம்பு, இதெல்லாம் அவசரத்துக்கு. ஆனா ஊருக்குக் கெழக்கால வேலங்காட்டுல ஒரு கறையான் புத்து இருந்துச்சி பாரு, அந்த மண்ணு தான் அவளுக்கு பிரியாணி. ஒரு தூத்தல் போட்டா போதும், கரும்புக் காட்டுல களை எடுத்துக்கினு இருக்கறவ அந்த வாசனைக்கு மூக்கத் தூக்கிக்கினு நிப்பா.

கள்ளக்குறிச்சி தென்னாற்காட்டோட இருந்த காலம் அது. கச்சிராயபாளையத்துலேர்ந்து கோமுகி டேமுக்குப் போற பக்கம், மலை அடிவாரத்துல ஒரு சின்ன ஊரு. சாலம்மாவக் கட்டிக்கினவன் கொளஞ்சியப்பன், கரும்பு வெட்டற ஆளு. வெட்டறதுல கெட்டிக்காரன். குடிச்சிட்டு வந்து பொண்டாட்டிய அடிக்கறதுல அதவிட கெட்டிக்காரன். அவன் ஆயி ஆயம்மா நடுவுல பூந்து தடுக்கற ரகம் இல்ல. அடி முடிஞ்சப்பறம் மருமவளுக்கு ஒரு சொம்பு தண்ணி மோந்து குடுப்பா. அவளுக்கு இருந்த நல்ல கொணம் அவ்வளவு தான்.

அந்த வூட்ல துன்றதுக்கு ஒரு வரிசை உண்டு. மொதல்ல கொளஞ்சியப்பன், அப்பறம் ஆயம்மா, கடைசில சாலம்மா. கொழம்புல கெடக்கற கருவாடு இவ வரைக்கும் வந்து சேராது. கூழுத் தண்ணியும் சட்டிய வழிச்சதும் தான் இவ பங்கு. வூட்டுக்குப் பின்னால முருங்க மரம் கொப்பும் கெளையுமா நின்னுச்சி. அந்தக் கீரைய ஒடிச்சி ஆட்டுக்குப் போடுவாங்க. ஆட்ட ஆடி மாசம் அம்மனுக்கு வெட்டுவாங்க. ஈரல பூசாரி வறுத்துத் துன்னுடுவான். கீரையில இருந்த சத்து சாலம்மா வாயத் தாண்டி, ஆட்டு வழியா பூசாரி தொப்பைக்குப் போய் சேர்ந்துடும். வருசா வருசம் இது தான் நடந்துச்சி.

ரெண்டு தபா முழுவாம இருந்தா. ரெண்டும் தங்கல. நாலு எட்டு நடந்தா மேல் மூச்சு வாங்குது, மொகம் வெளுத்துப் போய் சோளத்தட்ட மாரி இருக்குது. ஊர்ல கேட்டா, "செவப்பாயிட்டா மருமவ"ன்னு சொல்லிக்கினாங்க. ரத்தம் இல்லாதத கூட அழகுன்னு சொல்ற ஊரு.

விடியறதுக்கு முன்ன இவ வேலங்காட்டுப் பக்கம் போறத ஆயம்மா கவனிச்சா. வெளிக்குப் போறவ இவ்ளோ நேரம் ஆக்கமாட்டாளே, எவனையோ பாக்கத் தான் போறான்னு முடிவு கட்டிட்டா. ஒருநாளு பின்னாலயே போனா, கையில வெளக்குமாறோட. அங்க எவனும் இல்ல. புத்துக்கு முன்னால குந்திக்கினு, வாய் நெறைய மண்ணோட, மாடு அச போடற மாரி மருமவ மென்னுக்கினு இருக்கறா.

"இன்னாடி பண்ற"ன்னு ஆயம்மா கத்த, சாலம்மா பதறி எழுந்தா. எழுந்த வேகத்துக்குக் கண்ணு இருட்டிக்கிச்சி. கையி காலு வெடவெடன்னு ஆடுச்சி. அப்படியே புத்து மேல சாஞ்சா.

ஆயம்மா வெளக்குமாற கீழ போட்டா. கையெடுத்துக் கும்புட்டா. "தாயே, நீயா"ன்னா.

வேற இன்னா சொல்லுவா. மண்ணு துன்னுட்டு மயங்கி வுழுந்தான்னு சொன்னா கேவலம். சாமி வந்துச்சின்னு சொன்னா கௌரவம். பூசாரி வேடியப்பன் வந்து பாத்தான். சாலம்மா கையத் தொட்டான், ஐஸு மாரி ஜில்லுன்னு இருந்துச்சி. "அம்மன் தான், சந்தேகமே இல்ல"ன்னுட்டான். ஒரே வாரத்துல புத்துக்கு மஞ்சத் துணி கட்டி, கீத்துக் கொட்டாய் போட்டு, உண்டியலும் வச்சிட்டான்.

சாலம்மாவுக்கு இதுல ஒரு லாபம் கெடச்சிது. கொளஞ்சியப்பன் கை நின்னு போச்சி. மொத வெள்ளிக்கெழம குடிச்சிட்டு வந்தவன் பழக்க தோசத்துல கைய ஓங்கினான். பக்கத்து வூட்டு ஆளுங்க நாலு பேரு ஓடியாந்து, "டேய், அம்மன் மேலயா கைய வைக்கற, கண்ணு அவிஞ்சிடும்டா"ன்னாங்க. ஓங்கின கையால தலைய சொறிஞ்சிக்கினு வெளிய போனான். அன்னிக்குத் தான் கல்யாணமான நாள்லேர்ந்து மொத மொறையா சாலம்மா நிம்மதியாத் தூங்கினா.

ஆனா அம்மன்னா சுத்தமா இருக்கணுமாம். கருவாடு கூடாது, முட்ட கூடாது, கறி வாசனையே ஆவாது. செவ்வா, வெள்ளி ஒரு பொழுது. அதுவும் வெறும் பச்சரிசி கஞ்சி. முன்ன சட்டிய வழிச்சாவது துன்னுக்கினு இருந்தவளுக்கு இப்போ அதுவும் போச்சி. துன்னாததால மயக்கம் ஜாஸ்தி. மயக்கம் ஜாஸ்தியானதால அம்மன் மவிம ஜாஸ்தி. மவிம ஏற ஏற வெரதம் ஏறுச்சி. இப்படியே போயிருந்தா ஒருநாளு பொணத்துக்குத் தான் சூடம் காட்டியிருப்பாங்க.

அந்த நேரத்துல மூணாவது தபா முழுவாம ஆனா. நாலாவது மாசத்துல நர்சு ஆனந்தமேரி ஊருக்கு வந்தா. சின்னசேலம் பக்கத்துக்காரி, டவுன் பஸ்ஸுல எறங்கி ஒரு மைலு நடந்து வருவா, வாயில எப்பவும் ஒரு சலிப்பு. ஏசுவக் கும்புடற வேதக்காரி வந்தா அம்மனுக்குக் கோவம் வரும்னு ஆயம்மா வாசல்லயே மறிச்சா.

"அம்மன நான் தொடல, ஆயம்மா. வயித்துல இருக்கறதத் தான் பாக்க வந்தேன்"னு சொல்லிட்டு உள்ள பூந்துட்டா நர்சு.

சாலம்மா கண்ணு எமய இழுத்துப் பாத்தா. நாக்க நீட்டச் சொல்லிப் பாத்தா. நகத்த அமுக்கிப் பாத்தா. அப்பறம் வெரல்ல குத்தி ஒரு சொட்டு எடுத்துக்கினு போனா. மறுவாரம் வந்தவ, ஆயம்மா தண்ணிக்குப் போற வரைக்கும் காத்திருந்து பேச்ச ஆரம்பிச்சா.

"மண்ணு துன்றியா?"

"இல்லீங்க."

"பல்லுல ஒட்டிக்கினு இருக்குதும்மா."

சாலம்மா வாயப் பொத்திக்கினா.

"ஒடம்புல இரும்புச் சத்து சுத்தமா கம்மி. அதான் கண்டதையும் துன்னச் சொல்லுது. வெறுங்கால்ல காட்டுல நடக்கறியே, கால் வழியா பூச்சி ஏறி வயித்துல குந்திக்கினு, இருக்கற ரத்தத்தயும் குடிக்குது. மயக்கம் அதனால, கை ஜில்லுன்னு இருக்கறது அதனால. இந்த ரத்தத்தோட பிரசவத்துக்குப் போனா நீ திரும்பி வூட்டுக்கு வரமாட்ட."

"மாத்திர போட்டா மயக்கம் நிக்குமா?"

"நிக்கும்."

"சாமி வராதே."

"வராது."

"சாமி வரலன்னா அவரு மறுபடி அடிப்பாரு, நர்சம்மா."

ஆனந்தமேரி பைய நோண்டினா. "ரெண்டு நோவும் எனக்குத் தெரியுது. ஒண்ணுக்குத் தான் எங்கிட்ட மாத்திர இருக்குது"ன்னு சொல்லி, பூச்சி மாத்திரய அங்கயே முழுங்க வச்சி, சத்து மாத்திரய ஒரு பொட்டணமா குடுத்துட்டுப் போனா. டீயோட போடாத, எலுமிச்சம்பழத் தண்ணியோட போடுன்னும் சொன்னா.

சாலம்மா மூணு நாளு யோசிச்சா. அடிக்கு பயந்தா சாவு, சாவுக்கு பயந்தா அடி. வயித்துல இருக்கறது நாலாவது நாளு லேசா அசஞ்ச மாரி இருந்துச்சி. மாத்திரய எடுத்து முழுங்கினா. புத்துக்கு வர்ற சனங்க எலுமிச்சம்பழம் கொண்டாந்து குமிச்சாங்க, அதுக்குப் பஞ்சம் இல்ல. அம்மனுக்கு வந்த பழத்த அம்மனுக்கே தெரியாம புழிஞ்சி குடிச்சா.

மாத்திர போட்ட அஞ்சாம் நாளு வெளிக்குப் போயி பயந்துட்டா. தாரு ஊத்தின மாரி கருப்பாப் போச்சி. அம்மன் கொடல கருக்கிட்டான்னு நெனச்சிக்கினு மாத்திரயத் தூக்கிப் போட இருந்தா. அடுத்த தபா வந்தப்போ நர்சு, "அது மாத்திரயோட கலரு, நீ கும்புடற அம்மன் அங்கல்லாம் வந்து பாக்க மாட்டா"ன்னா. சாலம்மாவுக்கு சிரிப்பு வந்துடுச்சி.

முருங்கக் கீரைய ஆட்டுக்கு பாதி, சட்டிக்கு பாதின்னு பிரிச்சா. அம்மனுக்குக் கீரை தோசமில்லன்னு ஆயம்மாகிட்ட அவளே அருள் வாக்கு சொன்னா. ஒண்ணர மாசம் போச்சி. ஒருநாளு காலைல புத்து மண்ண எடுத்து வாயில போட்டவ துப்பிட்டா. மண்ணு மண்ணாட்டம் இருந்துச்சி.

ஆடி மாசம் கூழு ஊத்தற நாளு வந்துச்சி. புத்து முன்னால ஊரே கூடி நிக்குது. பம்பை அடிக்கறாங்க, உடுக்கை அடிக்கறாங்க. ஏழு மாசப் புள்ளத்தாச்சி சாலம்மா, மஞ்சச் சீல கட்டிக்கினு நடுவுல நிக்கறா. வெயிலு ஏறுது. மயக்கம் வரல. பம்பை அடிக்கறவன் கை வலிச்சிப் போச்சி, இவ கல்லாட்டம் நிக்கறா.

வேடியப்பன் விபூதித் தட்டோட கிட்ட வந்து குசுகுசுன்னான். "ஆத்தா, ஊரே காத்துக்கினு இருக்குது."

"இருக்கட்டும்."

"கூழு ஆறுது ஆத்தா."

"ஆறினா வாய் வேவாது."

அப்போ தான் கொளஞ்சியப்பனப் பாத்தா. கூட்டத்துக்கு முன்னால நின்னுக்கினு, தலைய சாச்சி, கண்ண சுருக்கி இவளையே பாத்துக்கினு இருந்தான். அந்தப் பார்வ அவளுக்குத் தெரியும். கொட்டாய்க்குப் பின்னால வெட்டின ஆட்டோட ஈரலு மொளவு போட்டு வறுபட்டுக்கினு இருந்துச்சி. அந்த வாசனைக்கு அவ நாக்குல எச்சி ஊறி வழிஞ்சிது. கொண்டய அவுத்து வுட்டா.

"டேய் வேடியப்பா."

பூசாரி துள்ளிப் போய் கும்புட்டான். "சொல்லு ஆத்தா."

"எனுக்கு வெட்டின ஆட்டு ஈரலு எங்கடா?"

"வறுபடுது ஆத்தா."

"யாருக்கு?"

"உனுக்குத் தான் ஆத்தா."

"எனுக்குன்னா, யாரு வாயில போடுவ?"

கூட்டத்துல ஒரு பொம்பள சிரிச்சிட்டு முந்தானையால வாய மூடிக்கினா.

"புள்ளத்தாச்சிங்க, பால் குடுக்கறவளுங்க, சமஞ்ச பொண்ணுங்க. ஈரலும் ரத்தமும் இவங்களுக்கு. ஆம்பளைங்க எலும்பக் கடிச்சிக்கங்க."

"பூசாரி வூட்டுக்குன்னு வழக்கம் ஆத்தா."

"வழக்கத்த வச்சது நானா, உன் தொப்பையா?"

ஈரலு வாழ எலையில வந்துச்சி. பொம்பளைங்க மொதல்ல தயங்கினாங்க, அப்பறம் சண்ட போட்டுக்கினாங்க. ஆயம்மா, பால் குடுக்கறவளும் இல்ல, சமஞ்ச பொண்ணும் இல்ல, ஆனாலும் ரெண்டு துண்டு வாங்கித் துன்னா. ஆட்டம் முடிஞ்சி கொளஞ்சியப்பன் தான் கையப் புடிச்சி பொண்டாட்டிய வூட்டுக்குக் கூட்டிக்கினு வந்தான்.

வூட்டுக்குள்ள வந்ததும் கைய வுட்டான்.

"சாமி வந்தா உன் கை ஜில்லுன்னு இருக்கும். இன்னிக்கு சுடுது. நீ நடிச்ச."

குடிகாரன் தான், ஆனா முட்டாளு இல்ல.

"ஆமாய்யா, நடிச்சேன்"னா சாலம்மா.

கைய ஓங்கினான். அவ அவன் மணிக்கட்டப் புடிச்சா. அவ்வளவு தான் செஞ்சா. அவன் இழுத்துப் பாத்தான், வரல. முறுக்கிப் பாத்தான், வரல. களை எடுக்கற கையி அது. உள்ள ரத்தம் ஓட ஆரம்பிச்சதும் தான் அது கையின்னே அவளுக்குத் தெரிஞ்சிது.

"வுட்றீ, பெசகிக்கப் போவுது"ன்னு ஆயம்மா மூலையில இருந்து சொன்னா.

"வயித்துல புள்ள இருக்குது அத்தே. அடிக்க மாட்டன்னு இவரச் சொல்லச் சொல்லுங்க, வுடறேன்."

"சொல்லித் தொலையேன்டா, எனுக்கு ஒலை கொதிக்குது."

அவன் சொல்லல. ஒலை பொங்கி வழிஞ்சி அடுப்பு அணஞ்சி போற வரைக்கும் அவளும் வுடல. கடைசில அவன் சொன்னது இன்னான்னு ஆயம்மாவுக்கே சரியா காதுல வுழல, ஆனா சாலம்மா வுட்டுட்டா. அதுக்கப்பறம் அவன் கை ஓங்கவே இல்லன்னு சொன்னா பொய்யி. ஓங்கினான். சில நாளு இவ வாங்கினா, சில நாளு குடுத்தா. முன்ன மாரி செவுத்தோரம் சுருண்டு கெடக்கல, அது மட்டும் நெசம்.

பொரட்டாசில கச்சிராயபாளையத்து ஆஸ்பத்திரில பொட்டப் புள்ள பொறந்துச்சி. மூணாம் நாளு புள்ளயத் தூக்கிக்கினு பஸ்ஸுல எறங்கி நடந்தே வந்தா. வழியில வேடியப்பன் மறிச்சான். உண்டியலு காஞ்சி போன கவல அவனுக்கு.

"ஆத்தா மறுபடி எப்ப வருவா, சாலம்மா?"

"எனுக்கு இனிமே நேரம் இல்ல, வேற ஆளப் பாத்துக்கச் சொல்லுங்க"ன்னுட்டு, புள்ளய மாத்தித் தோள்ல போட்டுக்கினு அவ பாட்டுக்கு நடந்தா.