அப்பாவின் ஜக்கெற்றுக்குப் பின்னால் போன கோழிகள்

அப்பாவின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த கையோடு, அம்மா அவருடைய ஒரேஞ்ச் வின்ரர் ஜக்கெற்றை பேஸ்மன்றில் வாடகைக்கு இருக்கும் அண்ணைக்குக் கொடுத்துவிட்டார். அண்ணையின் ஜக்கெற்றில் சிப் உடைந்து பூட்ட முடியாமல் போய்விட்டது. குளிருக்குள் பஸ்ஸுக்கு நிற்கிற மனுசன். நல்ல காரியம்தான். கோழிகளை மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.

எங்கள் ஸ்காபரோ வீட்டின் பின்வளவில் அப்பா மூன்று கோழிகள் வளர்த்தார். வேலையால் வந்து, அந்த ஜக்கெற்றோடுதான் பொக்கெற்றிலிருந்து சோளம் எடுத்துப் போடுவார். குளிர் கூடினால் ஒவ்வொன்றாக மடியில் வைத்துக் கொண்டைக்கு வாசலின் பூசுவார். பூசாவிட்டால் கொண்டை விறைத்துக் கறுத்துவிடும். எனக்கு அவர் வாசலின் பூசிவிட்டதாக ஞாபகமில்லை.

முதல் பெரிய ஸ்னோ கொட்டிய பின்னேரம் மூன்றும் பின்கதவடி மர டெக்குக்குக் கீழே போய் ஒடுங்கிவிட்டன. கோழிகளுக்கு ஸ்னோவில் கால் வைக்கப் பயம். அங்கேயே கிடந்தால் விடியும்போது விறைத்துச் செத்திருக்கும். நான் கூடு வரைக்கும் ஸ்னோவை வெட்டி வழி செய்தேன். சோளம் காட்டினேன். கெஞ்சினேன். குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டேன். ஒன்று கொத்தியது. அப்பா வளர்த்ததில் மிஞ்சியது நானும் இதுகளும்தான், இதுகளுக்கும் என்னைப் பிடிக்கவில்லை என்று நினைக்க அழுகை வந்தது. படுத்தபடியே அழுதேன். கோழிகள் பார்த்துக்கொண்டிருந்தன.

அப்போது அண்ணை வேலையால் வந்தார். ஒரேஞ்ச் ஜக்கெற்றைக் கண்டதும் மூன்றும் என் முதுகில் ஏறி ஓடின. அண்ணை திரும்பிப் பார்த்துவிட்டு நடையைக் கூட்டினார். கோழிகளும் கூட்டின. அவர் பேஸ்மன்ற் படியில் விழுந்தடித்து இறங்க, அவையும் இறங்கின.

நான் போய்ச் சேர, அண்ணை சோபாவுக்கு மேலே நின்றார்.

"பிள்ளை, உதுகளைக் கூப்பிடும்! கொத்துமோ?"

"கொத்தாது அண்ணை."

"உம்மட கையில ரத்தம்!"

"அது எனக்கு மட்டும்தான்."

"உதுகளுக்கு என்ன வேணுமாம்?"

"நீங்கள்தான்."

ஜக்கெற்றைத் தாங்கோ என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. செத்தவர் பேரில் கொடுத்ததைத் திருப்பி வாங்கினால் அம்மா என்னை வீட்டுக்குள் விடமாட்டார்.

"ஒருக்கா கூடு வரைக்கும் நடந்து வாங்கோ, அண்ணை."

"மத்தியானமும் கோழிக்கறிதான் சாப்பிட்டனான். அதுகளுக்கு மணக்காதோ?"

"வாயைத் திறக்காமல் வாங்கோ."

அண்ணை முன்னால், கோழிகள் வரிசையாகப் பின்னால், வாசலின் போத்தலோடு நான் கடைசியில். சாமி ஊர்வலம் மாதிரி. அண்ணை அப்பாவை விடக் கட்டை. ஜக்கெற் முழங்கால் வரை தொங்கியது. ஆனாலும் பின்னாலிருந்து பார்க்க அப்பாதான்.

கூட்டடியில் அண்ணை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தர, நான் கொண்டைக்குப் பூசினேன்.

"எனக்கும் சொண்டு வெடிச்சுக் கிடக்கு," என்றார் உதட்டைத் தொட்டுக் காட்டி. அவருக்கும் கொஞ்சம் கொடுத்தேன்.

மூன்றும் உள்ளே போய்விட்டன. அண்ணை குனிந்து கதவைச் சாத்தும்போது குசினி யன்னல் திறந்தது.

"இஞ்சாருங்கோ, கொழுக்கி போட்டனீங்களே?"

அம்மா அப்படிக் கூப்பிடுவது அப்பாவை மட்டும்தான். அண்ணையைத் 'தம்பி' என்பார். அண்ணை குனிந்தபடியே என்னைப் பார்த்தார். யன்னலில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"ஓம், போட்டிட்டன்," என்றார் அண்ணை, திரும்பாமல்.

யன்னல் கனநேரம் திறந்தே கிடந்தது. வீட்டுச் சூடு முழுக்க வெளியே போயிருக்கும்.

"தம்பி," என்றார் அம்மா கடைசியில், "நாளைக்கும் உந்த நேரம் வருவீரே? கோழி அடைக்கவேணுமெல்லே."